மாற்றுச் சக்கரங்களும் மின்சார காரின் ரேஞ்சும்: அளந்து பார்த்ததில் தெரிந்தவை

மின்சார காருக்குத் தொழிற்சாலைச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கிய அலாய் வீல்களைப் பொருத்தினால் ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், குறையும் என்பது பலரும் கேள்விப்பட்ட செய்திதான். எவ்வளவு குறையும், எதனால் குறையும் என்று கேட்டால்தான் பதில் ஆளுக்கொன்றாக வருகிறது. பெரும்பாலோர் எடையைக் காரணம் சொல்கிறார்கள்; சிலர் சக்கர விட்டத்தின் அங்குலத்தைச் சொல்கிறார்கள். என் காரில் சக்கரத்தையும் டயரையும் தனித்தனியாக மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அளந்து பார்த்த பின் நான் வந்தடைந்த முடிவு வேறு. இழப்பின் பெரும்பகுதி சக்கரத்தில் இல்லை, அதன்மேல் ஏறும் டயரில் இருக்கிறது. அடுத்த இடம் காற்றுத் தடைக்கு. எடை கடைசியில்தான் வருகிறது.

என்னுடையது சுமார் 1,800 கிலோ எடையுள்ள, சற்று உயரமான உடலமைப்புக் கொண்ட கார். அதனுடன் வந்தவை 215/55 ஆர் 17 அளவு (அகலம் 215 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 55 சதவீதம், சக்கர விட்டம் 17 அங்குலம்) டயர்களும், முகப்பைப் பெருமளவு மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடிகளோடு கூடிய 17 அங்குலச் சக்கரங்களும். ஒரு ரிம்மின் விளிம்பில் விரிசல் விழுந்தபோது, நான்கையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்று முடிவு செய்து, அகன்ற இடைவெளிகளோடு ஐந்து ஸ்போக்குகள் கொண்ட 18 அங்குல அலாய் வீல்களையும், அவற்றுக்கு 235/45 ஆர் 18 அளவில் சாலைப் பிடிப்புக்குப் பெயர்பெற்ற டயர்களையும் வாங்கினேன். நெடுஞ்சாலையில் நிதானமாக 100 கி.மீ. வேகத்தில் செல்லும்போது கிலோமீட்டருக்கு 140 வாட்-மணியை (ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட் மின்சாரம்) ஒட்டி நின்றுகொண்டிருந்த செலவு, மாற்றத்துக்குப் பிறகு 160-ஐத் தொட்டது. ஒரே சாலை, ஒரே வேகம், ஏறக்குறைய ஒரே வெப்பநிலை. நூற்றுக்குப் பதினான்கு அளவுக்கு இழப்பு என்பது சிறிய தொகை அல்ல. முழு சார்ஜில் 400 கி.மீ. போகக்கூடிய கார், 350 கி.மீ. அளவிலேயே நின்றுவிடும்.

பெட்ரோல் காரில் இதே மாற்றத்தைச் செய்பவர்கள் இதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. எரிபொருளின் ஆற்றலில் பெரும்பங்கு எஞ்சினிலேயே வெப்பமாகப் போய்விடுவதால், அங்கே சக்கரத்தின் கணக்கு மற்ற இழப்புகளுக்குள் மறைந்துவிடுகிறது. மின்சார காரின் நிலை அப்படியல்ல. 60 கிலோவாட்-மணி பேட்டரியில் இருக்கும் ஆற்றல் ஏழு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிடக் குறைவு. அந்தச் சிறு கையிருப்பை வைத்துக்கொண்டு நானூறு கிலோமீட்டர் ஓடுவதால்தான், சாலைக்கும் காற்றுக்கும் கொடுக்கும் ஒவ்வொரு வாட்-மணியும் திரையில் தெரிகிறது.

தயாரிப்பாளர்களே வெளியிட்ட எண்களிலும் இதைப் பார்க்கலாம். 2023 ஹூண்டாய் ஐயோனிக் 6 காரில், 77.4 கிலோவாட்-மணி பேட்டரியும் பின்சக்கர இயக்கமும் கொண்ட வகைக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படியான ரேஞ்ச், 18 அங்குலச் சக்கரத்தில் 361 மைல். 20 அங்குலச் சக்கரத்தில் 305 மைல். பேட்டரி அதேதான், மோட்டார் அதேதான், ஆனால் ஐம்பத்தாறு மைல், அதாவது 90 கி.மீ. காணாமல் போகிறது. 2021-இல் வந்த டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டில் 19 அங்குலத்துக்கு 396 மைல், 21 அங்குலத்துக்கு 348 மைல். நன்கு ஆராய்ந்து, தங்கள் காருக்கென்றே வடிவமைத்த சக்கரங்களிலேயே இவ்வளவு வேறுபாடு வருமென்றால், எந்தக் காரில் ஏறப் போகிறதென்று தெரியாமலே வார்க்கப்பட்ட வெளிச்சந்தைச் சக்கரத்தில் அதைவிடக் குறைவாக வரும் என்று எதிர்பார்க்க நியாயமில்லை.

இந்த எண்களைப் பார்ப்பவர்கள் உடனே அங்குலத்தின்மேல் பழியைப் போடுகிறார்கள். ஐயோனிக் 6 காரின் இரண்டு டயர் அளவுகளையும் கணக்கிட்டுப் பார்த்தால் அது சரியல்ல என்று புரியும். 225/55 ஆர் 18, 245/40 ஆர் 20 ஆகிய இரண்டுக்கும் வெளிவிட்டம் ஒரு மில்லிமீட்டருக்குள் ஒன்றுதான். ஏறக்குறைய 704 மி.மீ. மாறியிருப்பவை அகலமும், பக்கச்சுவரின் உயரமும், டயரின் ரகமும், சக்கர முகப்பின் வடிவமும். இதற்கு நேர் எதிரான சான்று பிஎம்டபிள்யூ ஐ3. அந்தச் சிறிய காருக்கு 19 அங்குலச் சக்கரம் கொடுத்தார்கள். ஆனால் டயரின் அகலம் வெறும் 155 மி.மீ. விட்டம் கூடிய, அகலம் குறைந்த டயர் எளிதாக உருளும், காற்றையும் குறைவாகவே எதிர்கொள்ளும் என்பதால்தான் அந்தத் தேர்வு. ஆகவே "பதினெட்டுக்கு மாறினால் இவ்வளவு போகும், பத்தொன்பதுக்கு மாறினால் இவ்வளவு போகும்" என்று அங்குலத்துக்கு விலைப்பட்டியல் போடுவதில் பொருளில்லை.

இனி டயருக்கு வருகிறேன். கார் ஓடும்போது டயரின் அடிப்பகுதி சாலையில் பதிந்து தட்டையாகி, மேலே வரும்போது மீண்டும் வளைந்து பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. அப்படி ஒவ்வொரு சுற்றிலும் கசங்கி விரியும் ரப்பர், வாங்கிய ஆற்றல் முழுவதையும் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு பங்கைச் சூடாக்கி வீணாக்கிவிடுகிறது. இதைத்தான் உருளல் தடை என்கிறோம். இதன் அளவு ரப்பர்க் கலவையையும், உள்ளே இருக்கும் இழைகளின் அமைப்பையும், காற்றழுத்தத்தையும் பொறுத்து மாறுமே தவிர, வேகத்தைப் பொறுத்து அதிகம் மாறுவதில்லை. அதனால் நகரத்தில் ஊர்ந்தாலும் நெடுஞ்சாலையில் விரைந்தாலும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய அதே கட்டணத்தை வசூலித்துக்கொண்டே இருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கும் டயர் லேபிள், உருளல் தடையை ஏ முதல் இ வரை ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கிறது. கார் டயர் தாங்கும் ஒவ்வொரு 1,000 நியூட்டன் (விசையின் அலகு) சுமைக்கும் 6.5 நியூட்டன் அல்லது அதற்குக் குறைவாகத் தடை இருந்தால் ஏ வகுப்பு, 10.6 அல்லது அதற்கு மேல் இருந்தால் இ வகுப்பு. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் கடையில் நின்றபடியே கணக்குப் போட முடியும். 1,800 கிலோ காரின் எடை சுமார் 17,700 நியூட்டன். ஏ வகுப்பின் எல்லையிலிருந்து இ வகுப்பின் தொடக்கத்துக்குப் போனால் தடை 70 நியூட்டனுக்கு மேல் கூடும். அது கிலோமீட்டருக்கு 20 வாட்-மணி. மோட்டாரிலும், பேட்டரி மின்சாரத்தை அதற்கேற்ப மாற்றிக் கொடுக்கும் இன்வெர்ட்டரிலும் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து போவது இன்னும் கொஞ்சம் அதிகம். நான் பார்த்த 20 வாட்-மணி உயர்வு எங்கிருந்து வந்திருக்கும் என்ற ஐயம் எனக்கு முதலில் தோன்றியது இந்தக் கணக்கைப் போட்டபோதுதான், ஏனென்றால் புதிய டயர்களின் லேபிளில் இருந்த எழுத்து டி. பழையவை பி, அதிலும் பாதி தேய்ந்தவை.

தேய்மானத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். புதிய டயரில் சுமார் 8 மி.மீ. ஆழத்துக்கு இருக்கும் ரப்பர்க் கட்டிகள் ஒவ்வொரு சுற்றிலும் அசைந்து கசங்குகின்றன. தேயத் தேய அசையும் ரப்பர் குறைவதால் உருளல் தடையும் குறைந்துகொண்டே வருகிறது. எனவே பாதி தேய்ந்த பழைய டயரோடு நேற்று பொருத்திய புதிய டயரை ஒப்பிட்டால், புதிய சக்கரத்தின்மேல் அது செய்யாத குற்றத்தையும் சேர்த்துச் சுமத்துவதாக ஆகிவிடும்.

ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரே வழி, சக்கரத்தை அப்படியே வைத்துக்கொண்டு டயரை மட்டும் மாற்றுவது. பிடிப்பு டயர்கள் அதே அளவு தேவைப்பட்ட நண்பர் ஒருவரின் காருக்குப் போயின. அந்த இடத்தில், மின்சார கார்களுக்கென்று வடிவமைக்கப்பட்ட ஏ வகுப்பு டயர்களை அதே 235/45 ஆர் 18 அளவில் பொருத்தினேன். வித்தியாசம் திரையைப் பார்ப்பதற்கு முன்பே காலுக்குத் தெரிந்தது. நான் வழக்கமாகச் செல்லும் பாதையில் ஒரு சமதளப் பகுதி உண்டு. மீளாக்க பிரேக்கை (வேகம் குறையும்போது மோட்டாரே மின்சாரம் தயாரித்துப் பேட்டரிக்கு அனுப்பும் ஏற்பாடு) அணைத்துவிட்டு, 60 கி.மீ. வேகத்தில் ஒரு மைல்கல்லைக் கடக்கும்போது நியூட்ரலுக்கு மாற்றினால், பழைய 17 அங்குலச் சக்கரங்களில் கார் தயக்கமில்லாமல் வழுக்கிச் சென்று தூரத்திலிருக்கும் சிறு பாலத்தை எட்டும். பிடிப்பு டயர்களோடு அந்தப் பாலத்துக்கு வெகுமுன்னதாகவே வேகம் தளர்ந்து, மறுபடி ஆக்ஸிலரேட்டரை மிதிக்க வேண்டியிருந்தது. ஏ வகுப்பு டயர்கள் ஏறியதும் கார் மீண்டும் பாலத்தைத் தொட்டது. பின்னால் வண்டிகள் வராத, நேரான, பாதுகாப்பான சாலை கிடைத்தால் யாரும் செய்து பார்க்கக்கூடிய இந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

செலவு 145-ஐ ஒட்டி வந்து நின்றது. அதாவது, ஏறிய இருபதில் பதினைந்து டயரை மாற்றியதிலேயே திரும்பிவிட்டது. அதே 18 அங்குலம், அதே கனமான அலாய், அதே அகலம். நகரத்துக்குள் ஓட்டும்போதோ பழைய 17 அங்குலத்துக்கும் இதற்கும் வேறுபாடே தெரியவில்லை. மீதமிருந்த ஐந்து வாட்-மணி நெடுஞ்சாலையில் மட்டுமே தலைகாட்டியது. வேகத்தைக் கூட்டக் கூட்ட அதுவும் கூடியது. அது காற்றின் கையெழுத்து.

காரின் மொத்தக் காற்றுத் தடையில் ஏறக்குறைய கால்பங்குவரை சக்கரங்களும் அவற்றைச் சூழ்ந்த வளைவுகளும் சேர்ந்து உண்டாக்குபவை. சுழலும் ஸ்போக்குகள் உள்ளேயிருந்து காற்றை இறைத்து வெளியே தள்ளுகின்றன. பக்கவாட்டில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் காற்றோட்டத்தை அது கலைத்துவிடுகிறது. முகப்பு எவ்வளவு தட்டையாகவும் மூடியும் இருக்கிறதோ அவ்வளவுக்கு இந்தக் கலக்கம் குறையும். பெட்ரோல் காரில் பிரேக் டிஸ்க் குளிர்வதற்குத் திறப்புகள் வேண்டும். மின்சார காரில் வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே செய்துவிடுவதால், தயாரிப்பாளர்களால் முகப்பைத் துணிந்து மூட முடிகிறது. பார்ப்பதற்கு அழகில்லை என்று பலர் முதல் நாளே கழற்றி வைத்துவிடும் அந்தப் பிளாஸ்டிக் மூடி அலங்காரப் பொருள் அல்ல. காற்றுச் சுரங்கத்தில் பல நாள் உழைத்து உருவாக்கிய பாகம்.

காற்றுத் தடைக்கு எதிராகச் செலவாகும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். என் கார் போன்ற ஒன்றுக்கு 50 கி.மீ. வேகத்தில் காற்றுக்காகக் கிலோமீட்டருக்கு 20 வாட்-மணியைச் சற்றே தாண்டும். 100-இல் அது 85-ஐ ஒட்டிவிடும். 120-இல் 120-ஐத் தாண்டும். சக்கர முகப்பைத் திறந்ததால் காரின் காற்றுத் தடைக் குணகம் (வடிவம் காற்றை எவ்வளவு எதிர்க்கிறது என்பதைச் சொல்லும் எண்) 0.01 அளவுக்குக் கூடினால், 100 கி.மீ. வேகத்தில் அது கிலோமீட்டருக்கு 3 வாட்-மணிச் செலவு. அகன்ற டயர் முன்புறமிருந்து வரும் காற்றுக்குக் கூடுதல் பரப்பைக் காட்டுவதும், ஆஃப்செட், அதாவது சக்கரத்தின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் (சக்கரம் பொருந்தும் அச்சுப் பகுதி) அமரும் பரப்புக்கும் உள்ள தூரம், மாறுவதும் இதன்மேல் சேரும். ஆஃப்செட் விஷயத்தில் ஓர் எளிய சோதனை செய்யலாம். நீளமான நேர்க்கோல் ஒன்றைச் சக்கர வளைவின் விளிம்பிலிருந்து செங்குத்தாகக் கீழே பிடித்து, அதற்கும் டயரின் பக்கச்சுவருக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஈடி 45 (ஆஃப்செட் 45 மி.மீ.) என்று குறித்த சக்கரத்துக்குப் பதிலாக அதே அகலத்தில் ஈடி 35 போட்டால், சக்கரம் 10 மி.மீ. வெளியே வந்து நிற்கும். டயர் கோலைத் தொட்டுக்கொண்டோ தாண்டிக்கொண்டோ நின்றால், அது காரின் நிழலிலிருந்து வெளியேறி நேராகக் காற்றில் நிற்கிறது என்று பொருள். அப்படி நிற்பதை விரும்புபவர்கள் பலர் உண்டு. அதன் விலை நெடுஞ்சாலையில் தெரியும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

எடைக்கு எவ்வளவு பங்கு என்பதையும் கணக்காகவே சொல்லிவிடலாம். சக்கரமும் டயரும் சேர்ந்து ஒவ்வொன்றும் 3 கிலோ கூடியிருப்பதாகக் கொள்வோம். நான்குக்கும் 12 கிலோ. சுழலும் பொருள் என்பதால், அந்த எடை முழுவதும் வெளிவிளிம்பில் இருந்தால்கூட அதன் விளைவு இரண்டு மடங்குதான், அதாவது 24 கிலோவுக்குச் சமம். நின்ற நிலையிலிருந்து 50 கி.மீ. வேகத்துக்கு அதைக் கொண்டுவர 0.65 வாட்-மணி ஆகும். அதிலும் ஒரு பெரும்பங்கு பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்குத் திரும்பிவிடும். ஒரு கிலோமீட்டருக்குள் இரண்டு முறை நின்று கிளம்பினாலும் இழப்பு ஒரு வாட்-மணியைத் தொடுவதில்லை. லேசான சக்கரம் மேடுபள்ளங்களில் நன்றாக ஒத்துழைக்கும், ஸ்டியரிங்கில் துடிப்பாக இருக்கும் என்பதெல்லாம் உண்மை. அந்தக் காரணங்களுக்காக ஃபோர்ஜ்டு (வார்க்காமல், உலோகத்தை அழுத்தி உருவாக்கிய லேசான) சக்கரம் வாங்குபவர்கள் தாராளமாக வாங்கலாம். ரேஞ்ச் கூடும் என்று நம்பி அதற்குப் பெருந்தொகை செலவழிப்பதை நான் ஏற்கமாட்டேன். அந்தத் தொகையில் சிறு பகுதியை நல்ல டயருக்குக் கொடுத்தாலே போதும்.

அளக்கும் விதத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தவறான முடிவுகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன. முதலில் வெளிவிட்டம். 215/55 ஆர் 17 டயரின் விட்டம் 668.3 மி.மீ.; 235/45 ஆர் 18 டயருடையது 668.7. இந்த மாற்றத்தில் ஓடோமீட்டர் பொய் சொல்லாது. அதற்குப் பதிலாக 225/50 ஆர் 18 போட்டிருந்தால் விட்டம் 682 மி.மீ. ஆகி, கார் உண்மையில் 102 கி.மீ. போயிருக்கும்போது திரை 100 என்றே காட்டும். கிலோமீட்டருக்கான செலவு இரண்டு சதவீதம் கூடியதுபோலத் தெரியும், ஆனால் அது வெறும் எண்கணித மாயை. வேகமானியும் குறைத்தே காட்டும் என்பதால், நூறில் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு நூற்றிரண்டில் போய் உண்மையாகவே கூடுதலாகச் செலவழிப்பதும் நடக்கும். தூரத்தையும் வேகத்தையும் ஜிபிஎஸ் கொண்டு சரிபார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது வானிலை. குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது. குளிர்ந்த ரப்பர் அதிகமாக எதிர்க்கும். வெப்பநிலை ஐந்தரை டிகிரி செல்சியஸ் இறங்கினால் டயர் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ இறங்கும். ஆகவே வெயில் காலத்துப் பழைய எண்ணையும் குளிர் காலத்துப் புதிய எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பேசக்கூடாது. கார் குளிர்ந்திருக்கும்போது அழுத்தத்தைச் சரிசெய்து, அரைமணி நேரம் ஓட்டி டயர்களைச் சூடாக்கிய பிறகே பயண மானியைப் பூஜ்யமாக்குவேன். க்ரூஸ் கன்ட்ரோலில் ஒரே வேகம், ஏசி ஒரே அமைப்பில், ஒரே பாதையில் போய்விட்டு அதே பாதையில் திரும்புதல். போய்த் திரும்பினால் ஏற்ற இறக்கம் ஈடாகிவிடும், ஆனால் காற்று முழுவதாக ஈடாகாது. காற்றுத் தடை வர்க்கத்தில் கூடுவதால், எதிர்க்காற்றில் இழப்பது எப்போதும் பின்காற்றில் மீட்பதைவிட அதிகம். காற்று வீசும் நாளில் அளப்பதையே தவிர்த்துவிடுவேன். கார் தானாக ஊகித்துச் சொல்லும் "மீதமுள்ள ரேஞ்ச்" எண்ணை இந்த வேலைக்கு நான் பயன்படுத்துவதே இல்லை. பல கார்களில் அது அண்மைய ஓட்டத்தை வைத்துப் போடப்பட்ட கணிப்பு. டெஸ்லா கார்களில் திரையின் அமைப்புகளுக்குள் சக்கர வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. உங்கள் காரிலும் இருந்தால், மாற்றியதும் அதைத் திருத்திவிடுங்கள், பயணத் திட்டமிடல் துல்லியமாகும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றில் சுமை எண்ணுக்கே முதலிடம். பேட்டரியால் மின்சார கார்கள் கனமானவை. டயரின் பக்கச்சுவரில் அளவுக்கு அடுத்து வரும் எண்தான் சுமைக் குறியீடு. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 95 என்றால் 690, 99 என்றால் 775. தொழிற்சாலை கொடுத்த எண்ணுக்குக் கீழே ஒருபோதும் போகக்கூடாது. சக்கரத்துக்கும் தனியாகச் சுமை வரம்பு உண்டு. அது பெரும்பாலும் உட்புறத்தில் பொறிக்கப்பட்டிருக்கும், கடையில் சக்கரத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். போல்ட் துளைகளின் வட்ட அளவு பொருந்தினால் மட்டும் போதாது. நடுத்துளை ஹப்பைவிடப் பெரியதாக இருந்தால், இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் இல்லாமல் சக்கரம் மையம் தவறி அமர்ந்து, வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். டயரின் பெயரை மட்டும் நம்பி வாங்குவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கார் தயாரிப்பாளருக்கென்று செய்த டயரில் தனிக் குறி இருக்கும். டெஸ்லாவுக்கு டி0, டி1 போன்றவை, பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம். அதே பெயரில் குறி இல்லாமல் விற்பதன் ரப்பர்க் கலவை வேறாக இருக்கலாம், உருளல் தடையும் வேறாக இருக்கலாம்.

ஏ வகுப்பைத் தேடும் ஆர்வத்தில் அதே லேபிளில் இருக்கும் ஈரச்சாலைப் பிடிப்பின் எழுத்தைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். மழையில் கார் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பது, பத்து கிலோமீட்டர் ரேஞ்சைவிட முக்கியம். இரண்டிலும் நல்ல எழுத்து வாங்கிய டயர்கள் இப்போது கிடைக்கின்றன; கொஞ்சம் தேட வேண்டும், அவ்வளவுதான். எனக்குக் கிடைத்தவை உருளல் தடையில் ஏ, ஈரச்சாலைப் பிடிப்பில் பி. காற்றழுத்தத்தைக் கூட்டிச் செலவைக் குறைக்கலாம் என்பவர்கள், கார்க் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பரிந்துரையைத் தாண்டாமல் இருப்பதே நல்லது. அளவுக்கு மீறிய அழுத்தத்தில் டயரின் நடுப்பகுதி மட்டும் சாலையைத் தொட்டு, பிடிப்பும் போய் தேய்மானமும் கோணலாகும். அளவு மாறியிருந்தால், அதே சுமையைத் தாங்கப் புதிய அளவுக்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று டயர் தயாரிப்பாளரின் அட்டவணையைப் பார்த்து வைக்க வேண்டும்.

பொருத்திய பிறகு முதல் நூறு கிலோமீட்டர் அளவில் நட்டுகளை டார்க் ரெஞ்சு (குறித்த அளவு விசையில் முடுக்க உதவும் கருவி) கொண்டு மறுபடி முடுக்கிச் சரிபார்த்துவிடுங்கள். செலவு கூடியதா குறைந்ததா என்ற கணக்கை அந்த வாரமே எழுதாமல், டயர்கள் சில நூறு கிலோமீட்டர் ஓடி மேற்பரப்பு பழகியதற்குப் பிறகு, காற்றில்லாத ஒரு நாளில் அளந்து எழுதுங்கள்.